ஸ்காட்லாந்தில் ஆறு நாள், அப்பாவுடன்: எந்த கோல்ஃப் கோர்ஸில் ஆடலாம்?

குன்னூர்க்காரன்:
வணக்கம் நண்பர்களே. ஜூன் முதல் வாரம் ஸ்காட்லாந்து போகிறோம். நான், அப்பா, அம்மா, மச்சான் என்று நான்கு பேர். எடின்பரோவில் ஓர் இரவு, அப்புறம் செயின்ட் ஆண்ட்ரூஸில் ஐந்து இரவு. அம்மா ஆடமாட்டார். மற்ற மூவரும் நான்கு ரவுண்டு ஆடலாம் என்று நினைக்கிறோம். அதற்கு மேல் அப்பாவின் முழங்கால் தாங்காது.

அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவருக்கு 69 வயது. பத்து பதினொரு வயதில், பள்ளி இல்லாத நாட்களில், வெலிங்டன் கோல்ஃப் கோர்ஸில் கேடியாக, அதாவது ஆடுபவர்களின் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடப்பவராக, இருந்தவர். கிரீன், அதாவது குழியைச் சுற்றியுள்ள குட்டைப் புல்தரை, எந்தப் பக்கம் சாய்கிறது என்று காலால் மிதித்தே சொல்வார். சொந்தமாகக் கோல்ஃப் மட்டை வாங்கியது தபால் துறையில் ஓய்வு பெற்ற பிறகுதான். இப்போது அவர் ஹேண்டிகேப் 26, என்னுடையது 18, மச்சானுடையது 12 (எண் குறையக் குறைய ஆட்டத் திறமை அதிகம்). இந்தப் பயணமே அப்பாவுக்காக.

செயின்ட் ஆண்ட்ரூஸின் புகழ்பெற்ற ஓல்ட் கோர்ஸில் ஆடாமல் திரும்பக் கூடாது என்கிறார் மச்சான். எனக்கு அவ்வளவு நிச்சயம் இல்லை. 300 பவுண்டைத் தாண்டும் கோர்ஸ் என்றால் ஒன்றே ஒன்றுதான் கட்டுப்படியாகும். போனவர்கள் சொல்லுங்கள்.

கிண்டிக்காலை:
ஓல்ட் கோர்ஸ்தான். யோசிக்கவே வேண்டாம். நான் 2019இல் ஆடினேன். முதல் டீயில், அதாவது முதல் குழிக்குப் பந்தை அடிக்கத் தொடங்கும் இடத்தில், நிற்கும்போது பின்னால் ஆர் அண்ட் ஏ கிளப் கட்டடம், வேலிக்கு அப்பால் வேடிக்கை பார்க்கும் ஊர் ஜனம், எதிரே ஒன்றாம் குழிக்கும் பதினெட்டாம் குழிக்கும் பொதுவான ஃபேர்வே என்ற அகன்ற புல்வெளிப் பாதை. அதன் குறுக்கே ஊர்ச்சாலை போகிறது. குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு ஒரு பெண் கடந்து போனார், நாங்கள் காத்திருந்து அடித்தோம்.

அங்கே ஏழு கிரீன்கள் இரட்டைக் கிரீன்கள். இரண்டாம் குழிக்கும் பதினாறாம் குழிக்கும் ஒரே கிரீன், மூன்றுக்கும் பதினைந்துக்கும் ஒன்று, நான்குக்கும் பதினான்குக்கும் ஒன்று. எந்த ஜோடியைக் கூட்டினாலும் 18 வரும். தனிக் கிரீன் உள்ளவை 1, 9, 17, 18 மட்டும். கிரீனில் விழுந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டுப் போனால் கொடிக்கு முப்பது கெஜம் தள்ளி நிற்போம். கேடியாக இருந்து கிரீன் படிக்கக் கற்ற மனிதருக்கு இதைவிட நல்ல இடம் உலகத்தில் எங்கே இருக்கிறது?

மணல்குழி:
கிண்டிக்காலை சொல்வது எல்லாம் உண்மை. ஆனால் ஆட இடம் கிடைத்தால்தானே?

முன்பதிவு இல்லாதவர்களுக்குப் பேலட் என்ற குலுக்கல்தான் வழி. ஆடும் நாளுக்கு இரண்டு நாள் முன்பு, மதியம் 2 மணிக்குள் பெயர் கொடுக்க வேண்டும். குறைந்தது இரண்டு பேர் சேர்ந்து கொடுக்க வேண்டும். ஹேண்டிகேப் சான்று கையில் இருக்க வேண்டும். முடிவு அன்று மாலையே வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை ஓல்ட் கோர்ஸில் ஆட்டமே கிடையாது, அன்று அது ஊருக்குப் பூங்கா. ஜூன் மாதத்தில் உலகமே அங்கே வந்து நிற்கிறது. கிடைக்கும் என்று நம்பி மற்ற நாட்களைக் காலியாக விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எனக்கு ஒரு பயண முகவர், பெயர் வேண்டாம், "ஓல்ட் கோர்ஸ் உறுதி" என்று சொல்லி ஒரு பேக்கேஜ் விற்றார். முழுப் பணமும் முன்கூட்டியே கட்டினேன். போவதற்கு மூன்று வாரம் முன்புதான் தெரிந்தது, எங்கள் சார்பில் பேலட்டில் பெயர் கொடுப்பதைத்தான் அவர் "உறுதி" என்று சொல்லியிருக்கிறார். பேலட்டில் பெயர் கொடுக்க யாருக்கும் காசு கொடுக்கத் தேவையில்லை, நாமே கொடுக்கலாம். இரண்டு முறை கொடுத்தோம், இரண்டு முறையும் வரவில்லை. எங்கள் கோஷ்டியில் இருந்த பெரியவர் திரும்பி வரும் விமானத்தில் ஒரு வார்த்தை பேசவில்லை. அவரிடம் நாங்கள் ஆறு மாதமாக அந்த ஒரு கோர்ஸைப் பற்றி மட்டும்தான் பேசியிருந்தோம். அதுதான் எங்கள் தவறு.

மச்சானிடம் இதைப் படிக்கக் கொடுங்கள். அப்பாவிடம் இன்னும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

டண்டீவாசி:
வணக்கம் தம்பி. நான் யாழ்ப்பாணம், டண்டீயில் இருந்து 22 வருடமாகிறது. செயின்ட் ஆண்ட்ரூஸ் எனக்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம்.

முதலில் ஒன்று. அங்கே இருப்பது ஒரு கோர்ஸ் இல்லை, ஏழு. ஓல்ட் கோர்ஸை நடத்தும் அதே அறக்கட்டளைதான் ஏழையும் நடத்துகிறது. அதில் "நியூ" கோர்ஸ் என்ற பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது 1895இல், அந்தக் காலத்துப் பெரிய கோல்ஃப் வீரரும் கோர்ஸ் அமைப்பாளருமான ஓல்ட் டாம் மோரிஸ் அமைத்தது. ஓல்ட் கோர்ஸை ஒட்டியே கிடக்கிறது. அதே மணல், அதே புல், அதே காற்று. பாதி விலைக்கும் குறைவு, முன்பதிவும் செய்யலாம். உள்ளூர் ஆட்கள் பலர் அதில் ஆடுவதைத்தான் விரும்புகிறார்கள். நானும் அப்படித்தான்.

அப்பாவுக்கு முதல் நாள் ஸ்ட்ராதைரம். 1993இல் திறந்தது, நீளம் குறைவு, பங்கர் என்ற மணல் பள்ளங்களும் மிகக் குறைவு. இன்னும் இலகுவாக வேண்டும் என்றால் பால்கோவ், ஒன்பது குழி, குழந்தைகளும் ஆடுவார்கள். விமானக் களைப்பு, நேர வித்தியாசம், குளிர் எல்லாம் சேர்ந்து முதல் நாளே ஒரு பெரிய கோர்ஸில் போய் நின்றால் வயதான மனிதருக்கு மனம் விட்டுப்போகும்.

எங்கள் பக்கத்துக் கார்னூஸ்டி பற்றியும் யாராவது சொல்வார்கள். 1999இல் ஓப்பன் என்ற பெரிய பிரிட்டிஷ் கோல்ஃப் போட்டியில் பிரெஞ்சு வீரர் ஜான் வான் டி வெல்ட் கடைசிக் குழிக்கு மூன்று ஸ்ட்ரோக் முன்னிலையில் வந்து, ஓடைக்குள் கால்சட்டையை மடித்துவிட்டு இறங்கி நின்ற இடம். நல்ல கோர்ஸ், பெரிய கோர்ஸ். ஆனால் 26 ஹேண்டிகேப் உள்ள ஒருவரை அங்கே கொண்டுபோய் விடாதீர்கள். நீளமும் காற்றும் சேர்ந்து அவரைக் களைக்கப் பண்ணிவிடும். நல்ல கோர்ஸ் என்பது ஒன்று, எனக்கு ஏற்ற கோர்ஸ் என்பது வேறு.

புதுப்பந்து:
குறுக்கே ஒரு கேள்வி, மன்னியுங்கள். நான் ஆட ஆரம்பித்து எட்டு மாதம்தான். லிங்க்ஸ் லிங்க்ஸ் என்கிறீர்களே, நம் ஊர் கோர்ஸிலிருந்து அதற்கு என்ன வித்தியாசம்?

செவன்அயர்ன்_கோவை:
புதுப்பந்து, நல்ல கேள்வி. கடலுக்கும் விவசாய நிலத்துக்கும் நடுவில் இருக்கும் மணல்மேட்டு நிலம்தான் லிங்க்ஸ். பயிருக்கு உதவாத இடம், ஆடு மேய்ந்த இடம். மரம் கிடையாது. கீழே மணல் என்பதால் மழை பெய்தாலும் தண்ணீர் தேங்காது, தரை கெட்டியாக இருக்கும். நம் ஊரில் பந்தை உயரத் தூக்கி அடித்தால் விழுந்த இடத்தில் நிற்கும். அங்கே விழுந்த பிறகுதான் ஓட ஆரம்பிக்கும். அதனால் கிரீனுக்கு இருபது கெஜம் முன்னால் விழவிட்டு உருட்ட வேண்டும்.

குன்னூர்க்காரன் அண்ணா, உங்கள் அப்பாவுக்கு இது வசதி. மலையில் ஆடிப் பழகியவர்களுக்குச் சாய்வில் நிற்கத் தெரியும். வயதானவர்கள் தாழ்வாக அடிப்பார்கள், தாழ்வான பந்தைக் காற்று தொடாது. நான் இங்கே சின்ன வயசுப் பையன்களோடு ஆடினால் ஐம்பது கெஜம் பின்னால் இருப்பேன். அங்கே செவன் அயர்ன் மட்டையை வைத்துக்கொண்டு உருட்டியே அவர்களுக்குச் சமமாக வந்தேன். அந்த வாரம் முழுக்க பந்தை உயரத் தூக்கும் வெட்ஜ் மட்டை என் பையில் தூங்கிக்கொண்டிருந்தது.

என் ஓட்டு க்ரெய்ல். செயின்ட் ஆண்ட்ரூஸிலிருந்து பத்து மைல் போல வரும். அங்குள்ள பால்கோமி லிங்க்ஸும் 1895தான், அதுவும் ஓல்ட் டாம் மோரிஸ் கைவண்ணம். மொத்தம் 6,000 கெஜத்துக்கும் குறைவு, பார், அதாவது தேர்ந்த ஆட்டக்காரர் முடிக்க வேண்டிய அடிகளின் எண்ணிக்கை, 69. எந்தக் குழியில் நின்றாலும் கடல் கண்ணுக்குத் தெரியும். அந்த கிளப் 1786இல் தொடங்கியது, ஆனாலும் வந்தவர்களை வீட்டு ஆட்கள் மாதிரி நடத்தினார்கள். ஓட்டு இரண்டு போடலாம் என்றால் இரண்டாவது அதே கடற்கரையில் இருக்கும் ஈலி.

கிண்டிக்காலை:
ஈலிக்கு நானும் கை தூக்குகிறேன். முதல் டீக்கு எதிரே ஒரு மேடு, அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. அதனால் ஆடுபவர்களை முறைப்படி அனுப்பும் ஸ்டார்ட்டரின் அறையில் ஒரு பெரிஸ்கோப் வைத்திருக்கிறார்கள், எக்ஸ்காலிபர் என்ற நீர்மூழ்கிக் கப்பலில் இருந்தது. அதில் பார்த்துவிட்டு "போகலாம்" என்பார். பார் ஐந்து ஒன்றுகூடக் கிடையாது. 16 குழி பார் நான்கு, இரண்டு பார் மூன்று. ஐந்து முறை ஓப்பன் ஜெயித்த ஜேம்ஸ் பிரெய்ட் பிறந்த ஊர் பக்கத்திலேயே இருக்கிறது.

ஆனாலும் ஓல்ட் கோர்ஸை விட்டுவிடச் சொல்வதை நான் ஏற்கவில்லை. மணல்குழிக்கு நடந்தது வருத்தமானதுதான். அதற்காக முயற்சியே செய்யாமல் இருப்பதா? தனி ஆளாகவும் வழி இருக்கிறது. முன்பெல்லாம் நடுராத்திரியிலிருந்து வரிசையில் நிற்பார்கள். 2024 முதல் முந்தைய நாள் நேரில் போய்ப் பெயர் கொடுத்தால் போதும், காலியான இடங்களுக்குக் குலுக்கிப் போடுகிறார்கள். அப்பாவின் பெயரை மட்டும் கொடுக்கலாம்.

மணல்குழி:
முயற்சி செய்ய வேண்டாம் என்று நான் சொல்லவில்லை சார். அதை நடுவில் வைத்து ஆறு நாளைக் கட்டாதீர்கள் என்கிறேன். வந்தால் சந்தோஷம், வராவிட்டாலும் பயணம் முழுமையாக இருக்க வேண்டும்.

அப்பா பெயரை மட்டும் கொடுப்பது பற்றி: ஆங்கிலம் பேசும் மூன்று அந்நியர்களோடு நாலரை மணி நேரம் அவர் தனியாக ஆடுவாரா? அதை அவரிடமே கேளுங்கள். சிலருக்கு அது பெருமை. சிலருக்குத் தண்டனை.

டண்டீவாசி:
மணல்குழி சொல்வது சரி. தம்பி, ஞாயிறு ஒரு நாள் அங்கே இருக்கிற மாதிரி தேதியை வையுங்கள். அன்று ஓல்ட் கோர்ஸ் முழுவதும் நடக்கலாம், காசு இல்லை. ஊர்ச்சனம் நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கும். பதினெட்டாம் குழியில் இருக்கும் சின்னக் கல் பாலமான ஸ்வில்கன் பாலத்தில் நின்று படம் எடுக்கலாம், பதினான்காம் குழியின் ஹெல் பங்கர் எவ்வளவு ஆழம் என்று எட்டிப் பார்க்கலாம். கொடி இருக்காது, அவசரமும் இருக்காது. ஆடுகிறவர்கள் பந்தைத் தேடுவதில் பார்க்கத் தவறுவது அன்றைக்குத் தெரியும்.

அம்மாவை மறந்துவிட்டீர்கள் எல்லோரும். ஓல்ட் கோர்ஸுக்குப் பக்கத்திலேயே "ஹிமாலயாஸ்" என்று மேடும் பள்ளமுமாக, பந்தை உருட்டி மட்டும் ஆடும் ஒரு பட்டிங் கிரீன் இருக்கிறது. 1867இல் தொடங்கிய பெண்கள் பட்டிங் கிளப் நடத்துவது. சில பவுண்டு கொடுத்தால் பட்டரும் பந்தும் தருவார்கள், யாரும் ஆடலாம். அம்மாவைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள்.

பிறகு, சவுத் ஸ்ட்ரீட்டில் ஒரு பழைய பள்ளிக்கூடக் கட்டடம் பாருங்கள். அந்தப் பள்ளியின் பெயர் மெட்ராஸ் காலேஜ். செயின்ட் ஆண்ட்ரூஸில் பிறந்த டாக்டர் ஆண்ட்ரூ பெல் சென்னையில், எழும்பூர் அநாதைப் பிள்ளைகள் விடுதியில் பொறுப்பாக இருந்தவர். நம் பக்கத்துப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதையும், பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பதையும் பார்த்து, அதை "மெட்ராஸ் முறை" என்று இங்கே கொண்டுவந்தார். 1833இல் அந்தப் பெயரிலேயே பள்ளி வந்தது. பள்ளி இப்போது வேறு கட்டடத்துக்கு மாறிவிட்டது, பெயர் மாறவில்லை. நான் முதல் முறை அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்தபோது கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டேன்.

செவன்அயர்ன்_கோவை:
எடின்பரோவில் ஒரு நாள் இருக்கிறீர்கள் என்றால் மஸல்பரோ ஓல்ட் லிங்க்ஸ். ஒன்பது குழி. குதிரைப் பந்தயப் பாதைக்கு நடுவில் கோர்ஸ்! கிண்டியில் ஆடியவர்களுக்கு இது எவ்வளவு பழக்கமான காட்சி. 1874க்கும் 1889க்கும் இடையில் ஆறு முறை ஓப்பன் நடந்த இடம். குழியின் விட்டம் நாலேகால் அங்குலம் என்பது அங்கே வைத்திருந்த குழிவெட்டியின் அளவிலிருந்து வந்தது என்பார்கள். கட்டணமும் மிகக் குறைவு. விமானத்தில் வந்த உடம்பைத் தளர்த்திக்கொள்ள ஒன்பது குழி சரியான அளவு.

குன்னூர்க்காரன்:
எல்லாருக்கும் நன்றி. மச்சானும் முழுக்கப் படித்துவிட்டார். அப்பாவிடம் கேட்டேன், தனியாக ஆடுவீர்களா என்று. "நீங்கள் இல்லாமல் நான் எதற்கு அங்கே?" என்றார். அத்துடன் தனிக் குலுக்கல் முடிந்தது.

இப்படி முடிவு செய்திருக்கிறோம். மஸல்பரோவில் ஒன்பது குழி. ஸ்ட்ராதைரம், க்ரெய்ல், நியூ கோர்ஸ் மூன்றையும் பதிவு செய்தாயிற்று. நியூ கோர்ஸுக்கு மட்டும் அப்பாவுக்குத் தெரியாமல் ஒரு கேடியைக் கேட்டு வைத்திருக்கிறேன். பேலட்டில் இரண்டு நாளுக்குப் பெயர் கொடுப்போம், வந்தால் க்ரெய்லைத் தள்ளி வைப்போம். ஞாயிறு நடை. ஈலிக்கு இந்த முறை நாள் இல்லை.

மணல்குழி:
பை தூக்கிய மனிதருக்குக் கேடி. நல்ல யோசனை. போய் வந்து எழுதுங்கள்.

குன்னூர்க்காரன்:
ஜூன் 14. திரும்பி வந்து நான்கு நாள் ஆகிறது.

பேலட் இரண்டு முறையும் வரவில்லை. மச்சானுக்கு வருத்தம். பேலட்டில் பெயர் கொடுத்ததை அப்பாவிடம் நாங்கள் சொல்லியே இருக்கவில்லை என்பதால் அவருக்கு ஒன்றும் தெரியாது.

ஞாயிறு நடந்தோம். பதினொன்றாம் கிரீன் ஓரத்தில் அப்பா ரொம்ப நேரம் நின்றார். கிரீன் மேல் போகவில்லை. ஓரத்துப் புல்லில் ஷூவைக் கழற்றிவிட்டு நின்று, "இது மேலே ஏறுகிற மாதிரிதான் தெரியும், ஆனால் பந்து கீழே வரும்" என்று மச்சானுக்குக் காட்டினார். நாயோடு வந்த உள்ளூர்க்காரர் ஒருவர் என்ன சொல்கிறார் என்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். அவர் பாக்கெட்டிலிருந்து ஒரு பழைய பந்தை எடுத்து, அப்பா காட்டிய திசைக்குப் பக்கத்திலேயே ஓரமாகக் கையால் உருட்டிவிட்டார். கீழேதான் வந்தது.

கோர்ஸ்களைப் பற்றி. மஸல்பரோ தரை கரடுமுரடு, ஆனால் செவன்அயர்ன் சொன்னபடி முதல் நாளுக்குச் சரியான அளவு. ஸ்ட்ராதைரத்தில் அப்பா எங்கள் இருவரையும் விட நன்றாக ஆடினார். க்ரெய்லில் காற்று இருபது நிமிடத்துக்கு ஒரு தரம் மாறியது. மழைச்சட்டை இல்லாமல் யாரும் போகாதீர்கள், ஜூன் மாதம் என்று நம்பாதீர்கள்.

நியூ கோர்ஸில் கேடி வந்தார். அறுபது வயதிருக்கும். அப்பா பையைக் கொடுக்கவே மாட்டேன் என்றார். அவர் பை தூக்கி நான் வெறுங்கையோடு நடப்பதா என்று தமிழில் என்னிடம் கோபப்பட்டார். முதல் இரண்டு குழி இருவரும் ஆளுக்கு ஒரு வாரைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். மூன்றாவது குழியில் அப்பாவும் கேடியாக இருந்தவர் என்று நான் சொன்னேன். அந்த மனிதர் நின்றார். தொப்பியைக் கழற்றி அப்பாவுக்குக் கை கொடுத்தார். அப்புறம் பையை வாங்கிக்கொண்டார். அதற்கு மேல் பதினைந்து குழியும் இருவரும் முன்னால் போனார்கள், நாங்கள் பின்னால். மொழி தெரியாமல் என்னதான் பேசினார்களோ, ஒவ்வொரு கிரீனிலும் இருவரும் குனிந்து ஒரே இடத்தைக் கைகாட்டினார்கள். அப்பாவின் ஸ்கோர் 101.

டண்டீவாசி அண்ணா, அம்மா ஹிமாலயாஸில் மூன்று நாள் தொடர்ந்து ஆடினார். மூன்றாவது நாள் எங்களோடு வர மறுத்துத் தனியாகவே போய்விட்டார். மெட்ராஸ் காலேஜ் பலகை முன்னால் எடுத்த படத்தை உங்களுக்குத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன்.

புதுப்பந்து:
படிக்கும்போதே கண் கலங்கிவிட்டது. கேடிக்கு எவ்வளவு கொடுப்பது என்று ஒரு வார்த்தை சொல்லுங்களேன், நானும் அடுத்த வருடம் போக நினைக்கிறேன்.

குன்னூர்க்காரன்:
கட்டணத்தை அறக்கட்டளையே அறிவித்திருக்கிறது, அதோடு அன்பளிப்பு தனி. இரண்டையும் ரொக்கமாக எடுத்துப் போங்கள். நாங்கள் கொடுத்த அன்பளிப்பை அப்பாதான் முடிவு செய்தார், நான் நினைத்திருந்ததைவிட இரண்டு மடங்கு. ஈலிக்கு நீங்கள் போனால் அந்தப் பெரிஸ்கோப்பைப் படம் எடுத்து இங்கே போடுங்கள், அப்பா கேட்டுக்கொண்டே இருக்கிறார்.